வெள்ளைச் சேலைக்கு மட்டும்தானா மரியாதை?

(நாடகக் கலைஞர்கள் கூடிய கே.பி. சுந்தராம்பாள் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிப் பேச வந்தவர்கள் பாதி நேரம் அவருடைய கணவர், நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பாவைப் பற்றிப் பேசினார்கள். மீதி நேரம் அவர் இறந்த பிறகு அம்மையார் உடுத்திய வெள்ளைச் சேலையைப் பற்றிப் பேசினார்கள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கு அடித்த நோட்டீசிலும் "காதலுக்காக வாழ்ந்த தெய்வம்" என்றுதான் போட்டிருக்கிறது. 

நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அம்மா காதலுக்காக வாழ்ந்தவர் இல்லை. பாடுவதற்காக, நடிப்பதற்காக, அதில் வரும் காசில் தன் குடும்பத்தை நிமிர்த்துவதற்காக வாழ்ந்தவர். அவர் தொழிலாளி. இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களைப்போல இரவு பத்து மணிக்கு வேஷம் கட்டி விடிய விடிய நின்ற தொழிலாளி.

கணக்குப் பாருங்கள். சுந்தராம்பாள் பிறந்தது 1908. மறைந்தது 1980. கிட்டப்பாவை இலங்கையில் சந்தித்தது 1926 வாக்கில். கிட்டப்பா போய்ச் சேர்ந்தது 1933 டிசம்பர் 2. எழுபத்திரண்டு ஆண்டு வாழ்க்கையில் கிட்டப்பாவின் பங்கு ஏழு ஆண்டு. அதற்கு முன்னால் பத்தாண்டு மேடை அனுபவம் இருக்கிறது. அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டு மேடையும் திரையும் அரசியலும் இருக்கின்றன. ஏழு ஆண்டைக் காட்டி அறுபத்தைந்து ஆண்டை மறைக்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

முதலிலிருந்து சொல்கிறேன். சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடி காவிரிக் கரை ஊர். அப்பா துணை இல்லாத வீடு. அம்மா பாலாம்பாளுக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகள். வயிற்றுக்கு இல்லை. அந்தச் சிறுமி ரயிலில் ஏறிப் பாடினாள், கேட்டவர்கள் கொடுத்த சில்லறையை அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் குரலைக் கேட்டவர்கள்தான் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்போது அவளுக்குப் பத்து வயதுகூட நிறைந்திருக்காது. நல்லதங்காள் நாடகத்தில் பசி பசியென்று அழுகிற ஆண் பிள்ளை வேஷம் கொடுத்தார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் இருந்திருப்பார். பசியைச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது, தோழர்களே. கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் எழுந்து நின்று சத்தம் போடுவான். ஆண்களே தொண்டை கிழியப் பாடிய அந்த மேல் சுருதியில் ஒரு பெண் நின்று, சொல் உடையாமல், பொருள் கெடாமல் பாடினார். இங்கே ஆர்மோனியம் வாசிப்பவர்களுக்குத் தெரியும் ஐந்து கட்டைக்கு மேல் ஒரு குரல் பிசிறில்லாமல் நிற்பது என்ன பாடு என்று. தெய்வ அருள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அருள் இருந்திருக்கலாம். அதோடு பத்து வயதிலிருந்து தினம் தினம் செய்த சாதகமும் இருந்தது.

ஸ்பெஷல் நாடகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனி நாடகம் என்றால் ஒத்திகை உண்டு, வாத்தியார் உண்டு. ஸ்பெஷலில் அது கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பக்கவாத்தியம் ஒரு ஊர். அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் இருவர் மனத்திலும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு மேடையிலேயே போட்டி. வள்ளி திருமணம் நாடகத்தில் வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்கிற காட்சி மணிக்கணக்கில் போகும். எதிராளி எந்தப் பாட்டை எடுப்பான், எந்தக் கேள்வியைப் போடுவான் என்று முன்கூட்டித் தெரியாது. போட்ட கேள்விக்கு அங்கேயே பதில் வேண்டும், அதுவும் ராகத்தில், தாளத்தில், தமிழ் வழுவாமல். 

அந்தக் களத்தில்தான் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சந்தித்தார்கள். கொழும்பில் சுந்தராம்பாள் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தார். கிட்டப்பா அங்கே வருகிறார் என்றதும் அவருக்கு ஈடுகொடுக்க அந்தப் பெண்ணால் முடியுமா என்று பேச்சு கிளம்பியது. முடிந்தது. சனம் அவர்களுடைய காதலைப் பார்க்கவா டிக்கெட் வாங்கியது? இரண்டு பெரிய வித்தை ஒரே மேடையில் மோதுவதைப் பார்க்க வாங்கியது. கிட்டப்பாவின் குரலுக்கு நிகர் இல்லை என்று நானும் சொல்கிறேன். ஆனால் அந்தக் குரல் உச்சிக்குப் போகும்போது எதிரே நின்று அதே உச்சியில் பதில் சொன்னது யார்? சரிக்குச் சரி நின்ற கலைஞரை நாம் "கிட்டப்பாவின் மனைவி" ஆக்கி வைத்திருக்கிறோம்.

கல்யாணம் நடந்தது 1927-ல். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஊரில் மனைவி உண்டு. ஊர் உலகம் யாரைத் தூற்றியது? கல்யாணம் ஆன ஆணையா? இல்லை. நாடகக்காரியைத் தூற்றியது. பிறந்த பிள்ளையும் தங்கவில்லை. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன, தேடிப் படியுங்கள். நம் ஆட்கள் மேடையில் சொல்வதுபோல அவை காவியக் காதலியின் கடிதங்கள் இல்லை. உரிமையோடு கேள்வி கேட்கிறார். கோபிக்கிறார். மன்றாடுகிறார். ஏன் வரவில்லை, ஏன் எழுதவில்லை, யார் சொல்லைக் கேட்டுக்கொண்டு இப்படி நடக்கிறீர்கள் என்கிறார். தனியாக விடப்பட்ட ஒரு பெண்ணின் நியாயமான கோபம் அது. அந்தக் கோபத்தைத் துடைத்துவிட்டுத்தான் நாம் அவருக்கு மாலை போடுகிறோம். கோபப்படுகிற பெண்ணைத் தெய்வமாக்க முடியாது, அதனால் கோபத்தை எடுத்துவிட்டோம்.

கிட்டப்பா இறக்கும்போது வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. நகையைக் கழற்றினார். வெள்ளை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கடைசி வரைக்கும் அதை மீறவில்லை. அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஒரு பெண் தன் துக்கத்தை எப்படித் தாங்குவது என்பது அவள் உரிமை. நான் கேட்பது அந்த அம்மாவை அல்ல, நம்மைக் கேட்கிறேன்.

1933 டிசம்பருக்கு முன்னால் அவர் யார்? கூத்தாடி. பெரிய வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டைக் கேட்பார்கள், மறுநாள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெள்ளைச் சேலைக்குப் பின்னால் அவர் யார்? அம்மா. தெய்வம். கற்புக்கரசி. பாட்டு அதே பாட்டு. குரல் அதே குரல். மாறியது சேலை மட்டும். அப்படியென்றால் இந்த நாடு தன் நடிகைகளுக்குச் சொல்வது என்ன? உனக்கு மரியாதை வேண்டுமானால் முதலில் உன் புருஷன் சாக வேண்டும், நீ பூவையும் பொட்டையும் துறக்க வேண்டும், இளமையிலேயே கிழவி வேஷம் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் உன்னை மனுஷியாகப் பார்ப்போம் என்றுதானே சொல்கிறது? 

இது வீண் குற்றச்சாட்டு என்பவர்களுக்கு இன்னொரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி. அதே தலைமுறை, அதே நாடக மேடை. விவரம் தெரியாத வயதில் கல்யாணம், அது நிலைக்கவில்லை. அப்பா போன பிறகு பிழைப்புக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸில் அவர்தான் கதாநாயகி. அந்தப் படத்தில் கதாநாயகன் தெலுங்கில் பேசினார். தமிழ் பேசிய கதாநாயகி ராஜலட்சுமி. திரையில் காதல் பேசிய முதல் தமிழ்க் குரல் ஒரு நாடகக்காரியின் குரல். 1936-ல் மிஸ் கமலா படத்துக்குக் கதை எழுதி அவரே இயக்கவும் செய்தார். தமிழ் சினிமாவின் முதல் பெண் இயக்குநர் அவர். சினிமா ராணி என்று கொண்டாடினார்கள். தனக்குப் பிடித்த நடிகரைத் துணையாகத் தேர்ந்துகொண்டார். வெள்ளை உடுத்தவில்லை, துறவு பூணவில்லை. 1964-ல் மறைந்தார். அவருக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை நான். ஆனால் எத்தனை ஊரில் அவருக்கு நினைவுக் கூட்டம் நடக்கிறது? எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும்? அவர் மறைந்த அதே 1964-ல்தான் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். காளிதாஸ் படச் சுருள் அதற்கு முன்பே தொலைந்துபோயிருந்தது. படத்தையும் தொலைத்தோம், பெண்ணையும் தொலைத்தோம். சுந்தராம்பாளை மறக்காமல் இருந்ததற்குக் காரணம் அவர் கலை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கலைதான் காரணம் என்றால் ராஜலட்சுமியையும் மறந்திருக்க மாட்டோமே!

சரி, வெள்ளைச் சேலைக்குள் இருந்த ஆளைப் பார்ப்போம். 

கிட்டப்பா இறந்த பிறகு சுந்தராம்பாள் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். சினிமாவில் நடிக்கக் கேட்டு அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் வந்தார். அம்மையாருக்கு நடிக்க மனமில்லை. ஆளைத் திருப்பி அனுப்புவதற்காக, யாரும் கொடுக்க முடியாத தொகை என்று நினைத்து ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். அசன்தாஸ் ஒப்புக்கொண்டுவிட்டார். 1935-ல் ஒரு லட்சம் ரூபாய்! அன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த ஆண் நடிகனுக்கும் அப்படி ஒரு கூலி பேசப்பட்டதில்லை. ரயிலில் சில்லறைக்குப் பாடிய கொடுமுடிப் பெண் தன் உழைப்புக்குத் தானே விலை சொன்னாள், சொன்ன விலையை வாங்கினாள். நம் மேடைகளில் இந்தச் சேதியை ஆச்சரியமாகச் சொல்வார்களே ஒழிய, உரிமையாகச் சொல்ல மாட்டார்கள். கூலி பேசத் தெரிந்த பெண் என்று பெருமையாகச் சொல்லுங்கள், அதில் என்ன வெட்கம்?

அந்தப் படம் பக்த நந்தனார். மாணிக் லால் டாண்டன் இயக்கியது. நந்தன் வேஷம் சுந்தராம்பாளுக்கு. வேதியர் வேஷம் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயருக்கு. இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ஒரு பெண், அதுவும் நாடகக்காரி, ஆண் வேஷம் கட்டுகிறாள். சேரியில் பிறந்து கோயிலுக்குள் போக ஏங்கும் பண்ணையாள் வேஷம் கட்டுகிறாள். எதிரே சபாக்களில் கோலோச்சும் வித்வான், பண்ணையின் எஜமானாக நிற்கிறார். 1935-ல், கோயில் கதவு பல ஊர்களில் தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்காத காலத்தில், இந்தக் காட்சி திரையில் ஓடியது. படத்தைப் பத்திரிகைகள் விட்டுவைக்கவில்லை. ஆனந்த விகடனில் கல்கி, படத்தில் வந்த எருமையும் பனைமரமும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்கிற பாணியில் எழுதினார். கல்கியின் தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த விமர்சனத்தை நான் மன்னிக்கவில்லை. கேமரா முன்னால் முதல்முறையாக நிற்கிற ஒரு மேடைக் கலைஞருக்குத் தடுமாற்றம் இருந்திருக்கலாம். அதைச் சொல்வதற்கு எருமை எதற்கு? 

அதன் பிறகு அவர் எடுத்த வேஷங்களைப் பாருங்கள். 1940-ல் மணிமேகலை. 1953-ல் ஜெமினியின் ஔவையார், கொத்தமங்கலம் சுப்பு இயக்கத்தில். 1964-ல் பூம்புகாரில் கவுந்தியடிகள். 1965-ல் திருவிளையாடலில் மறுபடி ஔவை. 1973-ல் காரைக்கால் அம்மையார். ஆணோடு ஜோடி கிடையாது என்று அவர் போட்ட விதியை விதவையின் விரதம் என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்த விதி என்ன செய்தது என்று யாரும் பார்ப்பதில்லை. கதாநாயகனோடு மரத்தைச் சுற்றி வருவதுதான் கதாநாயகியின் வேலை என்று இருந்த தொழிலில், நாற்பது ஆண்டுகள் ஒரு பெண் கதாநாயகனே இல்லாமல் நின்றார். அரசனை எதிரே நிறுத்திப் பேசும் ஔவை. அமுதசுரபியோடு ஊர்ப் பசியைப் பார்க்கும் மணிமேகலை. கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணையாக நடக்கும் கவுந்தி. எல்லாரும் ஊர் ஊராக நடந்தவர்கள், யார் வீட்டு வாசலிலும் அனுமதி கேட்டு நிற்காதவர்கள். ஔவையாரில் அவர் கோலூன்றி நடந்து வருகிற நடையைப் பார்த்திருக்கிறீர்களா? குனிந்த முதுகு, ஆனால் கழுத்து நிமிர்ந்திருக்கும். பேச ஆரம்பித்தால் எதிரே நிற்கும் ராஜா கை கட்டிக்கொள்வான், நமக்கும் கை தன்னால் கட்டிக்கொள்ளும். அந்த அதிகாரம் ஸ்பெஷல் நாடகம் கொடுத்த அதிகாரம். பதினைந்து வயதில் தர்க்கக் காட்சியில் ஆம்பிளை ராஜபார்ட்டை மடக்கிப் பழகிய வாய் அது.

பூம்புகார் படத்தில் நடந்ததாக ஒரு செய்தியைத் திரையுலகில் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கதை வசனம் கருணாநிதி, நாத்திகர். பாட்டில் ஓரிடத்தில் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்பதுபோல ஒரு வரி வந்தது. அம்மையார் முருக பக்தை. தெய்வம் இல்லாமல் போய்விட்டது என்கிற பொருள் வரும்படி நான் பாட மாட்டேன் என்றார். வரியை மாற்றினார்கள். பாடினார். நான் யார் பக்கம் என்பது இங்கே கேள்வி இல்லை. ஒரு நடிகை தன் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்குத் தானே பொறுப்பு என்று நின்றார், எழுதியவரும் அதை மதித்தார். இன்றைக்கு எந்த நடிகைக்கு அந்த இடம் இருக்கிறது?

இனி அரசியலுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சினிமாவும் அரசியலும் கலந்த கதையை அண்ணாவிலிருந்து தொடங்குகிறார்கள், எம்.ஜி.ஆரில் முடிக்கிறார்கள். இடையில் எஸ்.எஸ். ராஜேந்திரனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எல்லாம் ஆண்கள். எம்.ஜி.ஆர் சட்ட மேலவைக்குப் போனதும் ராஜேந்திரன் சட்டமன்றத்துக்கு வென்றதும் 1962-ல். கே.பி. சுந்தராம்பாள் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராக உட்கார்ந்தது 1951-ல். பதினோரு ஆண்டு முன்னால்! பிருதிவிராஜ் கபூர் மாநிலங்களவைக்குப் போனதே 1952-ல்தான். இந்தியாவிலேயே சட்டமியற்றும் அவைக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர், ரயிலில் பாடிய ஒரு தமிழ்ப் பெண். அதை யாரும் அவருக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. நாடக மேடையில் தேசியப் பாட்டுப் பாடினால் போலீஸ் வந்து நிற்கும் காலத்தில் பாடினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியோடு ஊர் ஊராகப் போய் அந்தக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டார். 1937 தேர்தலில் தலைவர் பேச்சுக்குக் கூடிய கூட்டம் எவ்வளவு, சுந்தராம்பாள் பாட்டுக்குக் கூடிய கூட்டம் எவ்வளவு என்று அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர் பாடி முடித்துக் கூட்டம் நிறைந்த பிறகுதான் தலைவர்கள் எழுந்து பேசினார்கள்.

அதே கட்சிக்காரர்கள் பிற்காலத்தில் எதிர்க்கட்சியைப் பார்த்துக் கூத்தாடிகள் கட்சி என்று ஏசினார்கள். தங்களுக்காகத் தொண்டை வறளப் பாடிய பெண் தங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்புகூட இல்லை. எல்லாக் கட்சியும் இதில் ஒன்றுதான். ஓட்டுக்குப் பாட்டு வேண்டும், பாடுகிறவள் வேண்டாம்.

தோழர்களே, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் நினைக்கலாம். என் அம்மா ஸ்திரீபார்ட். இங்கே பழைய ஆட்கள் சிலருக்கு அவரைத் தெரியும், பெயர் சொல்ல விரும்பவில்லை. பங்குனி தொடங்கினால் ஆடி வரைக்கும் வீட்டில் அவர் தூங்கிப் பார்த்ததில்லை. விடியற்காலை பஸ்சில் வந்து இறங்குவார். முகத்தைக் கழுவியிருப்பார், ஆனால் காதுக்குப் பின்னாலும் கழுத்து மடிப்பிலும் ரோஸ் பவுடர் அப்படியே இருக்கும். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு அதைத் துடைத்துவிடுவது என் வேலை. மேடைக்குப் பின்னால் ஓலைத் தட்டி மறைப்புதான் வேஷம் கட்டும் அறை. தட்டியில் ஓட்டை போட்டுப் பார்க்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அதனால் இரண்டு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டால்தான் மூன்றாவது ஆள் உடை மாற்ற முடியும். ஒதுங்க இடம் கிடையாது. சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். ஏழு மணி நேரம் பாட வேண்டிய தொண்டை, தண்ணீர் இல்லாமல். 

வாடகைக்கு வீடு கேட்டுப் போவோம். வீட்டுக்காரர் முதலில் சரி என்பார். அம்மா தொழிலைச் சொன்னதும் வீடு சொந்தக்காரர்களுக்கு வேண்டியிருக்கிறது என்பார். அந்த வீட்டின் கூடத்தில் மாட்டியிருந்தது என்ன படம் தெரியுமா? ஔவையார் வேஷத்தில் கே.பி. சுந்தராம்பாள், காலண்டர் படம், பூ வைத்திருந்தார்கள். என் அம்மா அந்தப் படத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். இன்றைக்கு நான் சொல்வது எல்லாமே அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான். படத்திலிருக்கும் நடிகைக்குப் பூ. வாசலில் நிற்கும் நடிகைக்கு வீடு இல்லை. இந்தத் தமிழ்நாடே அந்தக் கூடம் மாதிரித்தான் இருக்கிறது.

இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? நேற்றிரவு இந்த ஊரில் நடந்த நாடகத்தில் வள்ளியாக நின்ற தங்கை இங்கேதான் இருக்கிறார். தர்க்கக் காட்சியில் அவர் கேட்ட கேள்விகளுக்கு எதிராளி மூச்சு வாங்கியதை நீங்களே பார்த்தீர்கள். அந்த நேரத்தில் முன்னால் உட்கார்ந்த இளவட்டங்கள் சிலர் செல்போனை நீட்டி எங்கே வைத்து எடுத்தார்கள் என்பதையும் பார்த்தீர்கள். யாராவது எழுந்து கேட்டோமா? கேட்கவில்லை. அதே ஆட்கள் இன்று காலை இந்தக் கூட்டத்தில் சுந்தராம்பாள் அம்மையாருக்குக் கைதட்டுகிறார்கள். 

அவர் விருதுகளை எல்லாரும் வரிசையாகச் சொன்னார்கள், நான் மறுபடி சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். துணைவன் படத்தில் பாடியதற்காக, 1969-ம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அறுபது வயதைத் தாண்டிவிட்டார். இளம் பாடகிகள் கோலோச்சிய காலம். மேடையில் மைக் இல்லாமல் வளர்ந்த தொண்டை, மைக்குக்காகவே வளர்ந்த தொண்டைகளோடு நின்று ஜெயித்தது. திருச்செந்தூரிலோ பழனியிலோ இன்றைக்கும் காலையில் அந்தக் குரல் கேட்டால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். பக்தி என்பார்கள். பக்திதான். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து வைக்கிற அந்த உச்சரிப்பு, கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்கிற நாடகக்காரியின் கவலையிலிருந்து வந்தது. அவரை நாடக மேடையிலிருந்து பிரித்துக் கொண்டுபோய்க் கோயில் மேடையில் வைத்துவிடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். அந்தக் குரல் இருக்கிறவரை அது முடியாது.

தாயே தெய்வமே என்று பேசிவிட்டுக் கலைந்து போவதற்கு நான் வரவில்லை. மூன்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன், தலைவர் அனுமதிக்க வேண்டும். ஒன்று, இனிமேல் இந்த வட்டாரத்தில் நாடகத்துக்கு அச்சாரம் கொடுக்கும் எந்த ஊர்க் கமிட்டியும் பெண் கலைஞர்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறையும், கழிப்பறையும், குடிதண்ணீரும் கொடுக்க வேண்டும். அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதாத ஊருக்கு நம் ஏஜெண்டுகள் தேதி கொடுக்கக் கூடாது. இரண்டு, மேடையில் நடிகையிடம் எல்லை மீறும் பேச்சையோ படம் பிடிப்பதையோ கண்டால் ஆர்மோனியம் நிற்க வேண்டும். பெட்டியை மூடிவிட்டால் நாடகம் இல்லை, அந்த அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது அண்ணன்மார்களே. மூன்று, அடுத்த ஆண்டு இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது காதல் தெய்வம் என்பதை எடுத்துவிட்டு, நாடக நடிகை, திரைக் கலைஞர், சட்ட மேலவை உறுப்பினர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் என்று போட வேண்டும். நேற்று நடித்த நம் தங்கைகளின் பெயரையும் ஊர்ப் பெயரோடு அதே அளவு எழுத்தில் அதற்குக் கீழே போட வேண்டும்.

வழிமொழிகிறவர்கள் கையைத் தூக்குங்கள். ஊர்க் கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், உங்கள் கைகளைத்தான் நான் முதலில் எண்ணப் போகிறேன்.